நாலாம் நம்பர் அறையின் இரட்டைக் கண்ணாடி

இதைக் கதை என்று யாராவது சொன்னால் செல்லக்கிளிக்குக் கெட்ட கோபம் வரும். "என் கையைப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க" என்பாள். இரண்டு உள்ளங்கையிலும் கீறல் தழும்புகள் கோடு கோடாக இருக்கின்றன. இத்தனைக்கும் இது நடந்தது அர்த்தராத்திரியிலோ சுடுகாட்டிலோ இல்லை. சமயபுரத்தில், தேர்த் திருவிழா அன்று, ரோடு நிறைய ஜனம் போய்க்கொண்டிருந்த பட்டப்பகலில் நடந்தது.

அவள் புருஷன் தங்கையனுக்கு மெட்ராஸ் ரோட்டை ஒட்டி ஒரு லாட்ஜ் இருந்தது. அம்மனைப் பார்க்க வருகிறவர்கள் தங்குவார்கள். தங்கினவர்கள் எல்லோரும் காலையில் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். பொட்டுத் தூக்கம் இல்லை. லாரிக்காரன் ஹாரன், பஸ்காரன் ஹாரன், தீச்சட்டி ஊர்வலத்துக்குத் தப்பு, உடுக்கை. நாலாம் நம்பர் அறைக்கு ஏசி வைத்துப் பார்த்தார் தங்கையன். சத்தம் குறையவில்லை. கரண்டு பில்லைப் பார்த்துத் தங்கையனுக்குத்தான் தூக்கம் போயிற்று.

அப்போதுதான் திருச்சியிலிருந்து கண்ணாடி வியாபாரி ஹபீபுல்லா வந்தார்.

"ரெண்டு கண்ணாடி முதலாளி. நடுவுல இடைவெளி விட்டு, ஓரத்தை அடைச்சிடுவோம். வெயில் சூடு உள்ள வராது, உள்ள இருக்கிற குளிர்ச்சியும் வெளிய போகாது. ஏசி கொஞ்ச நேரம் ஓடினாப் போதும். சத்தமும் அங்கேயே நின்னுடும்."

"கல்லு கில்லு பட்டா?"

"வெளிக் கண்ணாடி கார் முன்கண்ணாடி மாதிரி. ரெண்டு தகட்டுக்கு நடுவுல ஒரு சவ்வு வச்சு ஒட்டினது. விரிசல் விடும், ஆனா உதிராது. யாரையும் குத்தாது."

எண்பத்திரண்டாம் வருஷம் மாசி மாதம் கண்ணாடி மாட்டினார்கள். முற்றத்தைப் பார்த்த, திறக்க முடியாத ஜன்னல் அது. தங்கையனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வருகிறவன் போகிறவனை எல்லாம் அறைக்குள் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே போய் ஜன்னலருகில் நின்று கத்துவார். திரும்பி ஓடி வந்து, "கேட்டுச்சா? கேட்டுச்சா?" என்பார். யாருக்கும் கேட்கவில்லை என்றதும் பரீட்சையில் பாஸான பையன் மாதிரி முகம் மலரும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக்கூட விடவில்லை. ஒரு குழாய் போட்டு, முற்றத்துக் கோடியில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலிருந்த கனகாம்பரச் செடிகளுக்குத் திருப்பிவிட்டார்.

அப்பா விட்ட இடத்தில் மகள் பிடித்துக்கொண்டாள். முத்துமாரிக்கு அப்போது ஆறு வயது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, அம்மனிடம் மடிப்பிச்சை கேட்டுப் பெற்ற ஒரே பெண். செல்லக்கிளி மத்தியானம் அந்த அறையில் கொஞ்சம் தலை சாய்ப்பாள். முத்துமாரி வெளியே நின்று கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றி, மூக்கை அழுத்திச் சப்பையாக்கிக்கொண்டு, வாய்விட்டுக் கத்துவாள். உள்ளே ஒரு சத்தமும் வராது. செல்லக்கிளி காதில் கையை வைத்து, உதட்டைப் பிதுக்கி, தலையை ஆட்டுவாள். கேக்கலையே! உடனே அது குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். இன்னும் பலமாகத் தட்டும். தினமும் இதே விளையாட்டு. லாட்ஜில் எல்லோருக்கும் அது பழகிப் போயிருந்தது.

சித்திரைத் தேர் வந்தது. சமையல்கட்டுக்கும் மாடிக்குமாக விடிய விடிய ஓடின செல்லக்கிளி, பதினோரு மணிக்கே நாலாம் நம்பரில் வந்து விழுந்தாள். வெளியே ஊரே அதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே குளுகுளுவென்று ஒரு சத்தமும் இல்லை. அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள்.

சாயங்காலம் எழுந்து வந்தபோது, வாசலில் தங்கையன் நின்றிருந்தார். கையில் வெள்ளைத் துணி சுற்றிய சின்ன மூட்டை மாதிரி ஒன்று.

துவைக்கிற கல்லடியில், அந்த ஏசித் தண்ணீரின் ஈரத்துக்கு நல்ல பாம்பு வந்து படுத்திருந்தது. செடிக்குப் பக்கத்தில் விளையாடப்போன குழந்தையைக் கடித்துவிட்டது. சமையல்காரி பவுனம்மாள்தான் பார்த்துத் தூக்கினாள். திருச்சி ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டு ஓடியும் பலனில்லை. இத்தனை அமளியும் நடந்தபோது பெற்றவள் நாலு சுவருக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பத் தங்கையனுக்குத் தைரியம் வரவில்லை.

"ஒரு நிமிஷத்துல போயிட்டா கிளி. கூப்பிடக்கூட இல்ல" என்றார்.

ஆனால் செல்லக்கிளிக்கு மட்டும் ஒன்று தெரியும். அன்று நடுவில் ஒரு தடவை அவள் கண் விழித்தாள். ஜன்னலில் பச்சைப் பாவாடையோடு முத்துமாரி நின்றிருந்தாள். இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். வாய் பெரிதாகத் திறந்து திறந்து மூடியது. செல்லக்கிளி அரைத் தூக்கத்தில் சிரித்தாள். காதில் கையை வைத்து, உதட்டைப் பிதுக்கி, தலையை ஆட்டினாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குழந்தை பாம்பு கடித்து ஓடி வந்து தன்னைத்தான் கூப்பிட்டிருக்கிறது, தான் சிரித்துவிட்டுத் தூங்கிவிட்டோம். இதை அவள் புருஷனிடம் சொல்லவில்லை. அம்மன் சன்னதியில்கூடச் சொல்லவில்லை. தொண்டைக்குள் முள்ளாக வைத்துக்கொண்டு சோறு தின்றாள், சாமி கும்பிட்டாள், நடைப்பிணமாக நாளைத் தள்ளினாள். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். ஒரே ஒரு தடவை அந்தக் குரல் காதில் விழவேண்டும். கேட்குதுடி கண்ணு என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட வேண்டும்.

தை மாதம், மருங்காபுரியிலிருந்து ரெங்கராஜ் என்று ஒருவர் பிள்ளைக்கு மொட்டை போடக் குடும்பத்தோடு வந்தார். நாலாம் நம்பர் கொடுத்தார்கள். மத்தியானம் அவர் எரிச்சலோடு வந்து நின்றார்.

"யாரு வீட்டுப் புள்ளைங்க அது? ஜன்னலை டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே இருக்கு. தூங்க முடியல."

தங்கையன் சிரித்தார். "அந்தக் கண்ணாடியிலயா? லாரி ஹாரனே கேக்காதுங்க. தட்டுற சத்தம் எப்படிங்க..."

பாதியில் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றே அறையைப் பூட்டினார். ஏசியின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டார். சாவியை அலமாரிக்குள் வைத்தார்.

மாவு அரைத்துக்கொண்டிருந்த செல்லக்கிளியின் காதிலும் ரெங்கராஜ் சொன்னது விழுந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது. பயம் இல்லை. மற்றவர்களுக்குப் பயமாக இருக்கலாம். அவளுக்கு அது ஆசையாக இருந்தது.

அடுத்த சித்திரைத் தேர் அன்று எல்லோரும் ரோட்டில் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் சாவியை எடுத்தாள். நாலாம் நம்பரைத் திறந்து, உள்ளே போய், கதவைச் சாத்தினாள்.

தப்புச் சத்தம் கத்தரித்தாற்போல் நின்றது.

ஏசி ஓடவில்லை. பிளக் தரையில் கிடந்தது. ஆனால் அறை ஜில்லென்று இருந்தது. மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த அறையில் புழுக்க வாடையே இல்லை. ஈரக் கனகாம்பரத்தின் பச்சை வாசனை வந்தது.

கட்டிலில் உட்கார்ந்தாள். காத்திருந்தாள்.

டொக்... டொக்...

திரையை விலக்கினாள். முற்றம் வெறிச்சென்று கிடந்தது. வெயிலில் சிமெண்டுத் தரை கண்ணைக் கூசவைத்தது. யாரும் இல்லை.

டொக்... டொக்... டொக்...

கண்ணாடியில் சின்னக் கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாக, பனி பூத்தாற்போல். முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. வெளிப் பக்கம் போலிருக்கிறது என்று நினைத்தாள். பக்கத்தில் இன்னொரு கை பதிந்தது. அவள் கண்ணெதிரிலேயே பதிந்தது. வெளியே யாரும் இல்லை...

இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் பதிந்தது.

"முத்து" என்றாள். "கேக்குதுடி. அம்மாவுக்குக் கேக்குதுடி."

தட்டுவது நின்றது.

அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். செருப்புப் போடவில்லை. முற்றத்துத் தரை பாதத்தைப் பொசுக்கியது. ஜன்னலுக்கு வந்து, முகத்தை வைத்து உள்ளே பார்த்தாள்.

கட்டிலில் யாரோ படுத்திருந்தார்கள்.

பச்சைப் பாவாடை.

முத்துமாரி.

"முத்து! அடியே முத்து!"

கண்ணாடியைத் தட்டினாள். இரண்டு கையாலும் அடித்தாள். குழந்தை மெல்லக் கண் திறந்தது. அவளைப் பார்த்தது. சிரித்தது.

காதில் கையை வைத்தது.

உதட்டைப் பிதுக்கியது.

தலையை ஆட்டியது.

கேக்கலையே...

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

செல்லக்கிளி செங்கல் ஒன்றை எடுத்து அடித்தாள். கண்ணாடி முழுக்க விரிசல் ஓடியது. உதிரவில்லை. கையாலேயே அடித்தாள். ரத்தம் வந்தது. அப்போதும் உதிரவில்லை. அலறிக்கொண்டே இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆயிரம் பேர் போய்க்கொண்டிருந்தார்கள். மேளத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

பவுனம்மாள் தற்செயலாக முற்றத்துக்கு வந்தவள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஹபீபுல்லா வந்து ஜன்னலைக் கழற்றினார். ஓரத்து அடைப்பைக் கத்தியால் கீறிக் கண்ணாடிகளைப் பிரித்தார். உள்பக்கமாக இரண்டு சின்னக் கைத்தடங்கள் இருந்தன. "எங்க ஆளுங்க மூடறதுக்கு முன்னாடி துணியால துடைச்சுத்தான் மூடுவாங்க முதலாளி. மூடினப்புறம் அங்க எறும்புகூடப் போக வழி இல்ல" என்றார். கூலிகூட வாங்காமல் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் செல்லக்கிளி வாயைத் திறந்தாள். கட்டுப் போட்ட கையால் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு வருஷமாகத் தொண்டையில் இருந்ததைப் புருஷனிடமும் பவுனம்மாளிடமும் கொட்டினாள்.

"எம் புள்ள என்னைக் கூப்பிட்டுச்சு. நான் சிரிச்சேன். வெளாட்டுன்னு நெனச்சுச் சிரிச்சுட்டு, திரும்பிப் படுத்துக்கிட்டேன். நான்தான் அதைக் கொன்னேன்."

தங்கையன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பவுனம்மாள் மட்டும் அழவில்லை. அவள் நெற்றி சுருங்கியது.

"தாயி... நீங்க பாத்தது எப்ப?"

"மணி ரெண்டு. கடிகாரம் எதிர்லதான் இருந்துச்சு. நல்லாப் பாத்தேன்."

பவுனம்மாள் தங்கையனைப் பார்த்தாள். தங்கையன் பவுனம்மாளைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் ரத்தம் இல்லை.

"உச்சிக்காலப் பூசை மணி அடிக்கிறப்பவே நான் புள்ளையைத் தூக்கிட்டேன் தாயி. பன்னண்டு மணி. கல்லுகிட்டயே சுருண்டு கெடந்துச்சு. ஓரடிகூட நடக்கல."

தங்கையன் மெல்லச் சொன்னார். "ஒரு மணிக்கெல்லாம் திருச்சியில டாக்டர் துணியை இழுத்து மூடிட்டாரு கிளி. ரெண்டு மணிக்கு அவ என் மடியில... ஆஸ்பத்திரி வராந்தாவுல..."

அறையில் இப்போது கண்ணாடி இல்லை. வெற்று ஜன்னல் வழியாக வெயிலும் லாரிச் சத்தமும் தாராளமாக உள்ளே வந்தன. செல்லக்கிளி அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப செத்தப்புறமும் என்கிட்டதான் வந்திருக்கா" என்றாள். "அவகிட்டயா நான் கேக்கலைன்னு சொன்னேன்?"