டிரெய்லர் பக்கம் இழுத்த வண்டி

சாத்தாங்காடு இரும்புச் சந்தைப் பக்கம் இன்று போனாலும், வரிசையாக நிற்கும் டிரெய்லர் லாரிகளை ஒட்டி நடக்க எனக்குக் கால் வராது. பேய் பிசாசுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை நான். லேத் ஓட்டிப் பிழைத்தவன்; அரை நூல் பிசகினாலும் காரணம் இரும்பில்தான் இருக்கும் என்று அடித்துப் பேசுகிறவன். ஆனால் இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த சமயத்தில் ஒரு குட்டி பைக் என் வாயை அடைத்துவிட்டது.

அதைக் கட்டியவர் பக்கத்துப் பட்டறை வெல்டர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய ஒரே மகன், டிப்ளமா முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் ஒன்றில் பைக்கோடு சிக்கிச் செத்தான். அதற்கு முன் அவன் ஆசை ஆசையாகக் குழாய் வளைத்து ஒரு குட்டி பைக்குக்குச் சட்டம் கட்டி, எஞ்சினும் மாட்டி வைத்திருந்தான். முன்பக்கம் மட்டும் பாக்கி. காரியம் முடிந்த கையோடு அண்ணன் அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முன்பக்கத்துக்கு, மகன் செத்த வண்டியில் முன்சக்கரத்தைப் பிடித்திருந்த ஃபோர்க்கையே கழற்றி வந்தார்.

எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம் அது. உயிர் போன வண்டியின் ஃபோர்க்கை மறுபடி மாட்ட மாட்டார்கள். எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்து, உருக்கப் போகிற குவியலில் எறிந்துவிடுவார்கள். "வாணாண்ணே" என்றேன். "எம்புள்ள புட்ச்சி ஓட்னதுடா. அத்தப் போயி காய்லாங்கடைல போடச் சொல்றியா?" என்று சீறினார்.

ஃபோர்க்கின் கால்களைக் குட்டையாக்கி, சின்னச் சக்கரத்துக்கு ஏற்றபடி அடியில் இரண்டு பக்கமும் தகடு வைத்தார். அச்சு நுழையும் துளைகளை நான்தான் போட்டுக் கொடுத்தேன். அச்சுக் கம்பியை இரண்டு தகட்டிலும் கோத்து வைத்து, தகடுகளைப் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து, பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வெல்டிங் ஓட்டினார். ஒரே பக்கத்தை முடித்தால் சூடு இரும்பை இழுத்துவிடும், சக்கரம் கோணிக்கொள்ளும்.

பட்டறைக்கு எதிரே நீளமான மண் திடல். அதன் இடது ஓரம் முழுக்க டிரெய்லர்கள் நிற்கும். அண்ணன் ஏறி ஓட்டியதுமே வண்டி அவற்றைப் பார்த்து இழுத்தது. சூடு இழுத்திருக்கும் என்றேன். வெல்டிங்கை அறுத்தார், நூல் பிடித்துப் பார்த்தார், மறுபடி பற்றவைத்தார். மறுபடியும் இழுத்தது. அதுகூடப் பரவாயில்லை. கோடிவரை போய்த் திரும்பி வரும்போது வலப்பக்கம் இழுத்தது. அச்சு கோணல் என்றால் போனாலும் வந்தாலும் ஒரே கைப்பக்கம்தானே இழுக்க வேண்டும்? இது எப்படிப் போனாலும் டிரெய்லர் பக்கமே போனது. தரைதான் சரிவோ என்று நானே ஏறி ஓட்டிப் பார்த்தேன். அம்பு மாதிரி நேராகப் போனது.

அண்ணன் முகத்தில் பயத்தைக் காணோம். ஒரு களைதான் வந்திருந்தது. "உனுக்கு நேரா போவுதா? அப்ப என்னத்தான் கூப்புட்றான்" என்றார். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு ஓட்டினார். போகப் போக ஹேண்டில்பாரில் பிடியைத் தளர்த்திக்கொண்டே வந்தார். ஒரு நாள் சட்டைத் தோளில் டிரெய்லரின் கறுப்புப் பிசுக்கோடு திரும்பி வந்தார். நிற்கிற வண்டிதான், ஆனால் அந்த வேகத்தில் அதன் அடியில் போய்ச் செருகினால் ஆள் மிஞ்ச மாட்டார். ஐயோ, இந்த மனுஷனும் போகப் போகிறார் என்று ஓடிப்போய் அண்ணியைக் கூட்டி வந்தேன்.

அண்ணி மீன் விற்கிறவர். கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திடலின் நடுவில் போய் நின்றார். புருஷனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிரெய்லர்களைப் பார்த்துத்தான் பேசினார். "டேய் கண்ணு, ஒன்ன பெத்தவ சொல்றேன். உங்கப்பன வுட்டுட்டுப் போய்டுடா. எனுக்குனு இந்த ஒரு ஆளுதான் கீறாரு."

உச்சி வெயிலில் காற்றே இல்லை. ஒரு டிரெய்லரில் தொங்கிய சங்கிலி மட்டும் தானாக ஆடி நின்றது.

அடுத்த சுற்று வண்டி நேராகப் போனது. திரும்பும்போதும் நேராக வந்தது. அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அண்ணன் இறங்கவில்லை. டிரெய்லர் பக்கம் வேண்டுமென்றே திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்திப் பார்த்தார், சக்கரம் நிமிர்ந்துகொண்டது. மறுபடியும் திருப்பினார், மறுபடியும் நிமிர்ந்தது. கடைசியில் எஞ்சினை அணைத்துவிட்டு, "நேரா போவுதுடி" என்றார். "இன்னாடி பண்ட்ட? போய்ட்டான்டி."

மகனைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அண்ணி அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அந்த மண்ணிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்.

"நான்தான்யா அனுப்ச்சிட்டேன்."