பொய் பிடிக்கும் இயந்திரத்தில் அப்பா

"நீ சட்டம் படிச்சு, கொப்பருக்கு விசா எடுத்துக் குடுக்கப் போறியோ?" என்று சிட்னியின் பரமட்டாப் பகுதியில் ஒரு அங்கிள் சிரித்தபடி கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்போதுதான் சட்டம் படிக்கச் சேர்ந்திருந்தேன்; அப்பாவுக்கோ விசா இல்லை.

அப்பாவின் அகதி மனுவைக் குடிவரவு அதிகாரிகள் நிராகரித்திருந்தார்கள். இலங்கையில் நடந்ததைப் பற்றி அவர் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. மேன்முறையீட்டு விசாரணை நெருங்க நெருங்க அவர் சாப்பாட்டையே மறந்தார். கொஞ்சம் மனம் மாறட்டும் என்று அவரையும் அம்மாவையும் சிட்னியில் உளவாளிகளைப் பற்றிய அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே பொய்யைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு இயந்திரம் இருந்தது. விரலை வைத்து எந்த மொழியில் பேசினாலும் விளக்கு எரியும். பொய்க்குச் சிவப்பு, உண்மைக்குப் பச்சை. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குப் பின்னால் அப்பாவும் வரிசையில் நின்றார். முறை வந்ததும் விரலை வைத்தார்.

"என்ர தம்பியை ஆமி பிடிச்சுக்கொண்டு போட்டுது. பிறகு என்னையும் தேடி வீட்டை வந்தவை."

பச்சை எரிந்தது.

"பாத்தியோ! இதை எழுத்தில தருவினமோ எண்டு கேள், பிள்ளை. லோயரிட்டைக் குடுப்பம்."

"இது சும்மா விளையாட்டுச் சாமான், அப்பா."

"விசாரிச்சவை நம்பேல்லை. இதெண்டாலும் நம்புது."

விரலை எடுக்க மறுத்தார். அம்மா அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

அவரைத் தேடி வந்தவர்களை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் என்னை வழக்குக்குள் இழுக்கக் கூடாது என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். அவரிடம் கேட்காமலே வெளியே வந்து வழக்கறிஞரைத் தொலைபேசியில் அழைத்தேன். என்னையும் சாட்சியாகச் சேர்க்கச் சொல்லிவிட்டேன்.