கிளினிக் தகவல் கசிந்த பிறகு என்னிடம் வந்தவர்கள்

சட்டத்தரணித் தொழிலில் பாதி நேரம் சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்குவதில் போகும். மீதி நேரம், அது போதாது என்று நினைக்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் போகும்.

இதை வாசிக்கும் நீங்களும் ஏதாவதொரு கிளினிக்கில் பெயர், தொலைபேசி இலக்கம், நோய் எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டு வந்தவராகத்தான் இருப்பீர்கள். ஆகையால் விளக்கம் அதிகம் தேவைப்படாது. எங்கள் பக்கத்துத் தனியார் கிளினிக் ஒன்றின் கம்பியூட்டருக்குள் யாரோ வெளியிலிருந்து புகுந்து, நோயாளிகளின் விபரங்களை எடுத்து வட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். யாருக்கு என்ன நோய், என்ன மருந்து என்று ஊரே வாசித்தது. கல்முனை நீதிமன்றத்துக்கு அருகிலுள்ள என் அலுவலகத்துக்குச் சிலர் வந்தார்கள்.

எந்த வழி?

முதலில் வந்தவர் ரிஹானா. மருதமுனையில் கைத்தறி நெய்பவர். பின்னேரங்களில் வீட்டில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர். கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு மனச்சோர்வு வந்து, அந்தக் கிளினிக்கில் மருந்து எடுத்துவந்தார். கணவருக்கும் உம்மாவுக்கும் மட்டுமே தெரிந்த விடயம். விபரம் வெளியே வந்ததும் ஓத வரும் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். காரணத்தை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

நான் வழிகளைச் சொன்னேன். அவருடைய எந்த விபரம் போனது என்று கிளினிக்கிடம் எழுத்தில் கேட்கலாம். புகுந்தவர்கள் மீது கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் பொலிஸில் முறையிடலாம். டொக்டர் இரகசியம் காக்கத் தவறியிருந்தால் மருத்துவ சபைக்கு எழுதலாம். கிளினிக் கவனயீனமாக இருந்ததென்று காட்ட முடிந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம். ஆனால் அது இழுபடும். தரவுப் பாதுகாப்புக்கென்றே புதுச் சட்டமும் இருக்கிறது, அது இன்னும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ரிஹானா சொன்னார்: "இதில எதைச் செய்தா மெடம், என்ட புள்ளைகள் திரும்பி ஓத வருங்கள்?"

முறைப்பாட்டுக்காரர்

அடுத்து வந்தவர் சாய்ந்தமருதில் படகு வைத்திருக்கும், ஊருக்கே அண்ணன் முறையான ஹனிபா காக்கா. அவருடைய காசநோய் விபரமும் வெளியே வந்திருந்தது. நோய் எப்போதோ சுகமாகிவிட்டது. ஆனாலும் படகில் அவரோடு ஒரே கோப்பையில் தேநீர் குடிக்க ஆட்கள் தயங்குகிறார்களாம். வழக்குப் போட வேண்டும் என்றார். அந்தச் செய்தி அவருக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். கடற்கரைக்காரரின் வட்ஸ்அப் குழுவில் வந்ததாம். முழுதாக வாசிக்காமல் அவரே இன்னும் இரண்டு குழுக்களுக்கு அனுப்பியிருக்கிறார். அதன் பிறகுதான் கீழே தன் பெயரைக் கண்டிருக்கிறார்.

"காக்கா, பரப்பினவர்கள் என்று பொலிஸ் தேடினால் உங்களையும் விசாரிக்கலாம். உங்களைச் சிக்கவைக்கும் வாக்குமூலம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் போனில் உள்ளதை அழித்துவிடாதீர்கள்," என்றேன். எழும்பிப் போய்விட்டார். வேறு சட்டத்தரணியிடம் போகிறார் என்று நினைத்தேன். அவர் போனது பொலிஸ் நிலையத்துக்கு. போனை ஒப்படைத்து, தனக்கு அனுப்பியது யார், தான் அனுப்பியது எங்கே என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பொலிஸாருக்குக் கிடைத்த முதல் உருப்படியான தடயம் அதுதான். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பிறகு கேட்டபோது சொன்னார்: "மத்தவங்கட நோயை அனுப்பக்குள்ள என்ட கை நடுங்கல்ல மகள். என்ட பேரைக் கண்ட பொறகுதான் நடுங்கிச்சு."

எதிர்த்தரப்பு

ரிஹானாவுக்காகக் கிளினிக்குக்குக் கடிதம் அனுப்பினேன். பேசிப் பார்க்கலாம் என்று பதில் வந்தது. ரிஹானாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் தரப்புச் சட்டத்தரணி கெட்டிக்காரர். கம்பியூட்டருக்கு எல்லாப் பாதுகாப்பும் இருந்தது, புகுந்தது வெளியாட்கள், கிளினிக்கும் பாதிக்கப்பட்ட தரப்புத்தான் என்று அடுக்கினார். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பக்கத்தில் இருந்த, கிளினிக்கை நடத்தும் டொக்டர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கடவுச்சொல் கிளினிக்கில் எல்லோருக்கும் தெரியும் என்றார். மாற்றச் சொல்லிப் பலமுறை எச்சரிக்கை வந்தும் தான் கவனிக்கவில்லை என்றார். அவருடைய சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். நாங்கள் நிரூபிக்க முடியாமல் தவித்த விடயத்தை டொக்டரே எங்கள் கையில் தந்துவிட்டு, ரிஹானாவின் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்டார். வெளியே வரும்போது, இது உங்களுக்குப் பாதகமாக முடியலாமே என்று நான் கேட்டேன். அவர் சொன்னது: "நான் இப்ப பொய் சொன்னா, இனி அவ எந்த டொக்டருக்கும் உண்மையைச் சொல்ல மாட்டா."

இன்னொரு நிபந்தனை

நட்டஈடு பேசி முடிந்தது. கையெழுத்து வைக்கும் நேரத்தில் ரிஹானா பேனையைக் கீழே வைத்தார். விபரம் வெளியே போன எல்லா நோயாளிகளுக்கும் கிளினிக் தனித்தனியாக அறிவிக்க வேண்டும், அதுவும் இந்த உடன்படிக்கையில் இருக்க வேண்டும் என்றார். மற்றவர்களுடையதை நீங்கள் கேட்கத் தேவையில்லையே, இதனால் உங்கள் காரியம் தாமதமாகலாம் என்றேன். டொக்டர் சம்மதித்தார். ரிஹானா பேனையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஊர் வாயால தெரிய வந்திச்சு. அவங்களுக்கு அப்படி வரக் கூடாது."

மருந்து

ஓத வந்த பிள்ளைகள் மட்டும் திரும்பவில்லை. அதற்கு என்னிடம் சட்டப் பிரிவு எதுவும் இருக்கவில்லை. ரிஹானா ஒருநாள் அந்தத் தாய்மாரை வீட்டுக்குக் கூப்பிட்டு, என்னையும் வரச் சொன்னார். தேநீர் கொடுத்துவிட்டு, மருந்தை எடுத்து அவர்கள் நடுவில் வைத்தார். "ஓம், இந்த மருந்துதான் குடிக்கன். குடிக்காம இருந்த நாளையிலதான் என்ட புள்ளையைத் தூக்கவும் மனம் வரல்ல. இப்ப நல்லா இரிக்கன். கேக்கிறதை என்னெட்டயே கேளுங்க," என்றார். யாருடைய முகத்தையும் பார்க்காமல் விடவில்லை.

சிலர் சலாம் சொல்லிவிட்டு எழும்பிப் போனார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்றுவரை வரவில்லை. ஒரு தாய் மட்டும் கடைசிவரை இருந்தார், கைக்குழந்தையோடு. எல்லோரும் போன பிறகு மருந்துப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, எங்கள் வழக்கப்படி ரிஹானாவை அக்கா முறையில் விளித்து, மெதுவாகக் கேட்டார்: "தாத்தா, எனக்கும் இப்படித்தான் இரிக்கி. எந்த டொக்டர்ட்டப் போற?"

நான் படித்த சட்டத்தில் இருந்த வழிகளை எல்லாம் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், இவர்கள் செய்ததில் பாதி அதில் இல்லாதது, ஆனாலும் வழக்கை நன்றாக நடத்தினேன் என்று ஊர் என்னைத்தான் புகழ்கிறது.