பதினோரு பேரின் பலமும் பலவீனமும்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. மாமா என் தலையில் கை வைத்து அம்மாவுக்கு ஒரு சத்தியம் செய்து கொடுத்தார்.
2. கல்லூரி பேஸ்பால் அணியில் இருந்த பதினோரு பேரின் பலத்தையும் பலவீனத்தையும் நான் பட்டியல் போட்டேன்.
3. அந்தப் பட்டியலை பி.டி. சார் முழுக்க நம்பினார்.
4. தஞ்சாவூரில் மூன்றாவது ஆட்டத்தில் தோற்றோம்.
5. மாமா சார்ஜாவுக்குப் போனார்.

அப்போது எனக்குப் பத்து வயது. இந்த ஐந்தும் தனித்தனிச் சம்பவங்கள் என்றே நினைத்திருந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் போன பிறகு எட்டு வயதிலிருந்து அம்மாவிடம் வளர்ந்தவர். கீழ்வேளூரில் எங்கள் வீட்டிலிருந்துதான் கல்லூரிக்குப் போய்வந்தார். கடைசி வருடம். அணியின் பிட்சர் அவர்தான், அதாவது பந்தெறிபவர்.

எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் பேஸ்பாலைப் பார்த்ததில்லை. எங்கிருந்தோ ஒரு சாக்கு மூட்டையில் மட்டையும் கிளவுஸும் கல்லூரிக்கு வந்து சேர்ந்தன. பி.டி. சார் கிரிக்கெட் ஆடுகிறவர்களைப் பிடித்து அணி சேர்த்தார். சம்பா அறுத்த வயலில் பயிற்சி. அறுத்து மிஞ்சிய நெல்தாள் காலைக் குத்தும். பந்து வாய்க்காலில் விழுந்தால் ஊறிக் கனத்துவிடும். எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை கிரிக்கெட் பழக்கம். பந்தை லேசாகத் தட்டிவிட்டு, ஓடலாமா வேண்டாமா என்று யோசித்து நிற்பார்கள். "இதுல ஓடித்தான்டா ஆவணும்! நின்னா அவுட்டுடா!" என்று சார் தொண்டை வறளக் கத்துவார்.

விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அப்பா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். அவரும் நானும் ஒரு வாரம் உட்கார்ந்து அதைப் படித்து முடித்தோம். அதன் பிறகு தினமும் மாலையில் மாமாவின் சைக்கிள் கேரியரில் போய், யார் எத்தனை பந்து எறிந்தார்கள், யார் எதைத் தவறவிட்டார்கள் என்று நோட்டில் குறித்து வைப்பது என் வேலையானது.

தெருவில் ஆளாளுக்கு பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அணியில் நாகூர்க்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய அத்தா, அதாவது அப்பா, சார்ஜாவில் கடை வைத்திருந்தார். மாமாவுக்கும் ஒரு விசா அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். மாமாவுக்குப் போக ஆசை. அம்மாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. இறுதிச் சுற்றின் இரண்டாம் நாள் ஆட்டத்தைப் பார்க்க ரயில்வேயிலிருந்து ஆட்கள் வருவதாகவும், நன்றாக ஆடுகிறவர்களை வேலைக்கு எடுப்பதாகவும் செய்தி வந்ததும் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள்.

"எடுத்துக்கிட்டாங்கன்னா நீ இங்கயேதான் இருக்கணும்."

"எடுக்கலன்னா?"

"சார்ஜாவுக்குப் போ. நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா வேணும்னே மோசமா ஆட மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

மாமா சிரித்துக்கொண்டே அம்மாவின் தலையை நோக்கிக் கையை நீட்டினார். அம்மா தட்டிவிட்டாள்.

"என் தலைல நீ எத்தன பொய்ச் சத்தியம் பண்ணிருப்ப! நான் இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். பாப்பா தலைல பண்ணு."

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்துச் சொன்னார். பொய்ச் சத்தியம் செய்தால் யார் தலையோ அவருக்குத்தான் ஆபத்து என்பது எனக்குத் தெரியும். மாமா பொய் சொல்ல மாட்டார் என்பதும் தெரியும். அதனால் பயப்படவில்லை.

இறுதிச் சுற்று என்பது இரண்டு நாளில் மூன்று ஆட்டம். எதிரணி தஞ்சாவூர்க் கல்லூரி. நாங்கள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பி.டி. சார் என்னைக் கூப்பிட்டார்.

"யார எப்ப எறக்குறதுன்னு முடிவு பண்ணணும் பாப்பா. இவனுங்களக் கேட்டா ஒவ்வொருத்தனும் தான்தான் சூரன்னுவான். நீதான் நோட்டு வெச்சிருக்க. ஒருத்தன் விடாம எழுதிக் குடு. பலம் ஒரு பக்கம், பலவீனம் ஒரு பக்கம்."

ஒரு நாள் முழுக்க எழுதினேன். நாகூர் அண்ணன்: பந்து நேராகப் போகும், களைத்தால் விலகிப் போகும். மட்டைக்காரருக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கும் கேட்சர் அண்ணன்: எதையும் விட மாட்டார், ஆனால் எதிரணியோடு பேசிக்கொண்டிருப்பார். இடது பக்கம் தூரத்தில் நிற்கும் அண்ணன்: ஓட்டம் நன்று, பந்து உயரே வந்தால் கிளவுஸைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடிக்கப் பார்ப்பார். கிரிக்கெட்டில் அப்படித்தானே பழக்கம். மாமாவுக்குப் பலம் நான்கு வரி வந்தது. பலவீனம்: இல்லை.

அன்று மாலை மாமா நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் ஒரு குறை எழுதிருக்க. எனக்கு மட்டும் இல்லயா? மாமான்னு சலுகையா?"

"உங்களுக்குத்தான் எதுவும் இல்லயே."

"தோள் வலி இருக்கு. மொத நாள் எறிஞ்சா மறுநாள் கை தூக்க முடியல. எழுது."

நான் பேனாவைத் திறக்கவில்லை. நோட்டில் அப்படி எதுவும் பதிவாகவில்லை. முகம் சுளித்துக்கூட நான் பார்த்ததில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அக்காகிட்ட சொன்னா மஞ்சப் பத்து போட்டு மூலைல ஒக்கார வெச்சிரும். நீ எழுது. மறுநாள் ஒரு பந்துகூட எறியக் கூடாது, எறிஞ்சா கை போயிரும்னு எழுது. சார் உன்னத்தான நம்பறாரு?"

எழுதினேன். கை போயிரும் என்ற இடத்தில் அவர் கேட்காமலேயே இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

முதல் நாள் காலை மாமா எறிந்தார். ஜெயித்தோம். மதியம் நாகூர் அண்ணன் எறிந்தார். இரண்டு பேர் தட்டிவிட்டு ஓடாமல் நின்றதில் தோற்றோம். மறுநாள்தான் ரயில்வேக்காரர்கள் வந்தார்கள். இரண்டு பேர், வெள்ளைத் தொப்பி, மடியில் அட்டை. பி.டி. சார் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவிடம் போனார்.

"நெசமாவே வலிக்குதாடா?"

மாமா தோளைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். சார் திரும்பி என்னைப் பார்த்தார். "பாப்பா பொய் எழுதாது," என்று சொல்லிவிட்டு, மறுபடியும் நாகூர் அண்ணனையே எறியச் சொன்னார். மாமா வெளியே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

கடைசி இன்னிங்ஸில் நாங்கள் ஒரே ஒரு ரன் முன்னால் இருந்தோம். எதிரணியில் இருவர் அவுட். இன்னும் ஒருவரை எடுத்தால் கோப்பை. ஆனால் அவர்கள் ஆட்கள் இருவர் பாதி வழி ஓடி நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் இருவரும் 'வீடு', அதாவது ஓட்டம் தொடங்கிய இடத்துக்கு, திரும்பி வந்து சேர்ந்தால் தோல்வி. நாகூர் அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பந்து விலகிப் போகத் தொடங்கிவிட்டது. நான் எழுதியபடியே.

பி.டி. சார் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடி வந்தார். மாமாவிடம் வரவில்லை. என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, ஒரே ஒருத்தன்தான். நாலஞ்சு பந்து. மாமாவ எறக்கவா?"

வெள்ளைத் தொப்பிக்காரர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா இறங்கினால் ஜெயிப்போம். ரயில்வே அவரை எடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டிலேயே இருப்பார். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் அவர் கை போய்விடும். மாமா என்னைப் பார்க்காமல் ஷூ கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டினார்.

"வேணாம் சார்," என்றேன். "ஒண்ணுகூட கூடாது."

அடுத்த பந்து அடிபட்டு இடது பக்கம் உயரே போனது. அங்கே நின்ற அண்ணன் ஓடி வந்தார், கிளவுஸைக் கழற்றி எறிந்தார், இரண்டு கையையும் ஏந்தினார். பந்து விரல்களுக்கு நடுவே நழுவி விழுந்தது. இரண்டு பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள். ரயில்வேக்காரர்கள் தஞ்சாவூர் அணியில் மூன்று பேரைக் கூப்பிட்டுப் பேசினார்கள்.

வீட்டில் அம்மா என்னைத்தான் கேட்டாள்.

"இன்னைக்கு எத்தன பந்து போட்டான்?"

"ஒண்ணும் போடலம்மா. தோள் வலி. சார் எறக்கல."

அம்மா நோட்டைக் கேட்டாள். அந்த வரியை வெகுநேரம் பார்த்தாள்.

"உன் கையெழுத்துதான?"

"ஆமாம்மா."

மூடிக் கொடுத்துவிட்டு, மாமாவின் சார்ஜா பெட்டியில் வேட்டியா பேன்ட்டா எது எடுத்து வைப்பது என்று அப்பாவைக் கேட்கப் போனாள்.

மாமா கிளம்பிய அன்று வாசலில் வேன் நின்றது. உள்ளே இடமில்லை. மாமா தன் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, வலது கையால் ஒரே வீச்சில் வேன் கூரையில் போட்டார். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

"அம்மா! மாமாவுக்குத் தோள் சரியாப் போச்சு!" என்று கத்தினேன்.

மாமாவின் கை அப்படியே நின்றது. அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள்.

"ஆமாடி," என்றாள் அம்மா. "சரியாப் போச்சு." என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நல்ல செய்தி சொன்னதற்கு யாரும் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

புரிய ஒன்பது வருடம் ஆனது. கல்லூரி விடுதியில், வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தபோது பட்டென்று விளங்கியது. ஆட்டத்தில் இறங்கியிருந்தால் மாமாவால் மோசமாக எறிந்திருக்க முடியாது. சத்தியம் இருந்தது என் தலையில். அதனால் இறங்காமல் இருக்க ஒரு வழி பார்த்தார். அந்த வழி நான்.

இப்போது நான் சென்னையில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைச் சோதித்து, குறைகளை எழுதித் தரும் வேலையில் இருக்கிறேன். மாமா சார்ஜாவில் இருக்கிறார்; இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார். அம்மா கீழ்வேளூரில் இருக்கிறாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். தோள் வலியைப் பற்றி அவர் சொன்னதில்லை. அம்மா கேட்டதில்லை.