கடல் திரும்பி வந்த ஆடி அமாவாசை

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபதுகளில், கலியாணம் முடித்து ஜேர்மனியின் டுசல்டோர்ஃபுக்கு வந்த புதிதில், இவர் என்னைத் தேன்நிலவுக்கு வடகடல் தீவொன்றுக்குக் கூட்டிப்போனார். அன்று ஆடி அமாவாசை; இவரின் தகப்பன் முன்பே காலமாகியிருந்தார். "மாமாவை நினைச்சுக் கடலிலை முழுகுங்கோ" என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கடலோ வற்றி, சேற்றுவெளிக்கு அப்பால் தூரத்தில் கிடந்தது.

"சேத்துக்குள்ளையே தேன்நிலவு?" என்று சிரித்தபடி இவர் முன்னுக்கு நடந்தார். கடலைத் தொடமுதலே அது திரும்பிப் பெருக, எங்களுக்குப் பின்னாலிருந்த பள்ளங்கள் நிரம்பிக் கரைக்குப் போகும் வழியை மறித்துவிட்டன. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. இவருக்கோ நீந்தத் தெரியாது. "முருகா!" என்று கத்தினேன்.

குதிரைவண்டியில் வந்த தீவுக்காரர் ஒருவர் எங்களை ஏற்றினார். அமாவாசையில் கடல் வழமையைவிடக் கூடப் பெருகுமென்று ஏசினார்.

தகப்பனுக்கான கடனென்று மகனான இவரையும் கடலுக்குக் கொடுத்திருப்பேன்.

இன்றும் விரதம் தவறுவதில்லை. ஆனால் எந்தக் கடலென்றாலும், அது திரும்பும் நேரத்தை ஊராரிடம் கேட்டறிந்த பிறகே இவரை இறங்க விடுகிறேன்.