காப்பாற்றிய கற்கள்

ஊர் ஊராகப் போய்த் தொல்லியலைப் பற்றி மக்களிடம் பேசுவது என் வேலை. அந்தச் சனிக்கிழமை பம்மலுக்கு அப்பால் ஒரு நகரின் குடியிருப்போர் நலச்சங்கத்தில் பேசினேன். அவர்கள் பூங்காவுக்குப் பின்னால், காலிமனையில், பெரிய கற்கள் வட்டமாகக் கிடந்தன. பழங்காலத்துப் புதைகுழியைச் சுற்றி நட்ட கற்கள். அடியில் முதுமக்கள் தாழி இருக்கலாம் என்று படம் போட்டுக் காட்டினேன். அந்த வழியாக மழைநீர்க் கால்வாய் வரப்போகிறது என்றதும் கூட்டம் கொதித்தது. "எப்படியாவது காப்பாத்துங்க" என்று முடித்தேன். கைதட்டலில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஜேசிபியில் பெல்ட் கட்டி ஒரு கல் அந்தரத்தில் தொங்கியது. கீழே, "காப்பாத்திட்டோம் மேடம்!" என்று செயலாளர் எழுதியிருந்தார்.

செயலாளருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். இடத்தை விட்டு நகர்த்திவிட்டால் அது வெறும் கல். ஆட்டோ பிடித்துக் கிளம்பினேன். தாம்பரம் சிக்னலில் வண்டி மாட்டிக்கொண்டது. நான் நெளிவதைப் பார்த்து ஓட்டுநர், "இன்னாக்கா, ஆஸ்பத்திரி கேஸா?" என்றார்.

"அதைவிட மோசம்ணா. சீக்கிரம் போங்க."

பூங்காவில் கற்கள் புதிதாக வட்டம் கட்டி நின்றன. இரண்டுக்குச் சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, சட்டையெல்லாம் வியர்வையாக ஓடி வந்தார். "ஒண்ணுகூட உடையல மேடம். அங்க கோணல்மாணலா கெடந்துச்சு. இங்க கயிறு பிடிச்சு கரெக்டா வச்சிருக்கோம்."

"யார் சார் உங்கள எடுக்கச் சொன்னது?" என்று கத்தினேன்.

"நீங்கதானே மேடம் காப்பாத்தச் சொன்னீங்க?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. போனது போகட்டும், தாழியாவது மிஞ்ச வேண்டும். "நடுவுல மண்ணத் தோண்டலையே?" என்றேன்.

"சேச்சே! தாழி இருக்கும்னு நீங்க சொன்னப்புறம் தோண்டுவோமா? கடப்பாறைகூட வைக்கல."

கொஞ்சம் மூச்சு வந்தது. என் கண்ணால் பார்த்தால்தான் ஆறும் என்று காலிமனைக்கு ஓடினேன். அவரும் பின்னால் வந்தார்.

கற்கள் இருந்த இடங்கள் குழிகுழியாகக் கிடந்தன. அவற்றுக்கு நட்டநடுவில் ஜேசிபி நின்றது. அங்கிருந்தால் எல்லாக் கல்லும் எட்டும் என்று நிறுத்தியிருக்கிறார்கள். அதன் இரும்புக் கால்கள் ஈரமண்ணில் ஆழமாக இறங்கியிருந்தன. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, என் செருப்புக்கு அடியிலும் தரை அதிர்ந்தது.

செயலாளர் வண்டியைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். "ஐயோ, அடியில..." என்றார்.

ஜேசிபி டிரைவர் தலையை நீட்டினார். "இன்னா மேடம், வண்டிய எடுக்கவா, வேணாவா?"

நகர்ந்தாலும் நசுக்கும், நின்றாலும் நசுக்கும். செயலாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணுங்கண்ணா" என்றேன்.