கம்பியைக் கடித்துக் கேட்டவர்

எங்கள் ஒர்க்ஷாப்பில் அவருக்குக் கம்பி என்று பேர். முழ நீளத்தில் ஒரு எஃகுக் கம்பி வைத்திருந்தார். ஒரு முனையை ஓடுகிற எஞ்சின் மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். கொஞ்ச நேரத்தில் எந்தப் பாகம் போய்விட்டது என்று சொல்வார். பிரித்துப் பார்த்தால் அதுவே போயிருக்கும். வேகமான கார் வைத்திருக்கிறவர்கள் ஊரெல்லாம் காட்டிவிட்டுக் கடைசியில் அவர் மேடைக்குத்தான் வண்டியை ஏற்றுவார்கள்.

வேலை தெரிந்த மனிதர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாய்க்குப் பூட்டுப் போட ஆள் பிறக்கவில்லை. பதினொரு வருஷம் அவருக்கு அடுத்த மேடையில் வேலை பார்த்தேன். நான் ஒரு சத்தத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டால் போதும், வண்டிக்காரரை வைத்துக்கொண்டே ஆரம்பித்துவிடுவார். "உனக்கு ரெண்டு காது எதுக்குடா செவிட்டுப் பயலே? கண்ணாடி மாட்டவா?" நான் கண்ணாடி போடுகிறவன். எல்லோரும் சிரிப்பார்கள். என் அப்பா இறந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்றும் அதையே கேட்டார், அன்றும் சிரித்தார்கள். முதலாளி அவருடைய மனைவியின் தம்பி என்பதால் நான் வாயைத் திறக்க வழியில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கம்பியைக் காதில் வைப்பதை விட்டுவிட்டு முன்பற்களால் கடித்துக்கொள்ள ஆரம்பித்தார். ஏதோ புது ஸ்டைல் என்று நினைத்தோம். பிறகு ஒரு நாள் மதியம் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி என்னைப் பழைய டயர் அடுக்குக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், வெளிய விட்டுடாத. அவருக்கு ரெண்டு காதும் போயிடுச்சு. டாக்டரு கையை விரிச்சுட்டாரு. எஞ்சின் அதிர்றது பல்லு வழியா தெரியுதாம், அதை வெச்சுத்தான் ஓட்டுறாரு. நாம பேசறதை உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கறாரு."

"முதலாளிக்குத் தெரியுமா அண்ணி?"

"அவனுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே மேடையை விட்டு இறக்கிடுவான். அந்த மேடை இல்லேன்னா இவரு மனுஷனாவே இருக்க மாட்டாரு. நீதான் பக்கத்துல இருக்க. கொஞ்சம் பாத்துக்கப்பா."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். வீட்டுக்குப் போகிற வழியில்தான் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என்னைப் பதினொரு வருஷமாகச் செவிடன் என்றவனுக்குக் காது கேட்காது!

ஆனாலும் எட்டு மாதம் பார்த்துக்கொண்டேன். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் எதேச்சையாகப் போவதுபோல அவர் தோளை இடித்துவிட்டுப் போவேன். அவர் திரும்பிப் பார்த்து, "கண்ணும் போச்சாடா?" என்பார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

அப்புறம் அந்த மஞ்சள் கார் வந்தது. இரண்டு கதவு வண்டி, எஞ்சின் மேல் சூப்பர்சார்ஜர். அது தனி பெல்ட்டில் சுற்றிக் காற்றைப் பிடித்து எஞ்சினுக்குள் திணிக்கும், வண்டி பறக்கும். இந்த வண்டியில் எஞ்சின் ஓட வண்டி சும்மா நிற்கும்போதே அது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி கடகடவென்றது. நான் பேரிங் என்றேன். அவர் கம்பியைக் கடித்துப் பார்த்துவிட்டு, "கப்ளிங்" என்றார். சூப்பர்சார்ஜரின் மூக்குக்குள் உள்ளங்கை அகலத்தில் இருக்கும் நைலான் வட்டு அது. பெல்ட்டின் சுழற்சியை உள்ளே கடத்துகிறது.

"பேரிங்காம் பேரிங்! முதல்ல கண்ணாடியைத் தொடைச்சுட்டுக் கேளுடா, செவிட்டுப் பயலே."

கார்க்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்னைவிடச் சின்னவர். எனக்குள் ஏதோ ஒன்று அந்த நிமிஷம் அறுந்துபோனது.

பாகம் வெளியிலிருந்து வர வேண்டும், பத்து நாள் ஆகும். எது என்று நிச்சயமாகத் தெரியாமல் முதலாளி வரவழைக்க மாட்டார். "நாளைக்குக் காலைல இன்னொரு தடவை கேட்டு ஒரே முடிவா சொல்லுங்க" என்றார். அன்று சாயங்காலம் அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை.

"நிரூபிக்கறேன் முதலாளி. நீங்க நின்னு பாருங்க, போதும்."

காலையில் முதல் ஆளாகப் போய், சூப்பர்சார்ஜரைச் சுற்றுகிற பெல்ட்டைக் கழற்றி என் டிராயரில் போட்டேன். மேலே பிளாஸ்டிக் மூடியை மாட்டிவிட்டேன். அந்த பெல்ட் இல்லாமலும் எஞ்சின் ஓடும். சூப்பர்சார்ஜர் மட்டும் அசையாது. அவரைத் தவிர எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்லி வைத்தேன்.

எஞ்சினைக் கிளப்பினேன். கடகடப்பு சுத்தமாக இல்லை. நான் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டேன்.

"அய்யோ, என்னண்ணே இது! நேத்தைவிட மோசமா கத்துது!"

மற்றவர்களும் சுளித்தார்கள். அவர் கம்பியை ஊன்றிக் கடித்தார். வெகுநேரம் கடித்தார். எடுத்து வேறு இடத்தில் ஊன்றினார். நெற்றி சுருங்கியது. காதுள்ளவன் யாராக இருந்தாலும் "சத்தமே இல்லையேடா" என்று சொல்லிவிட்டு என்னை நாலு திட்டுத் திட்டியிருப்பான். அவரால் அதை மட்டும் சொல்ல முடியாது. ஒன்றும் தெரியவில்லை என்றால் குறை எஞ்சினில் என்று அவர் எப்படி நினைப்பார்? தன்மேல்தான் சந்தேகப்படுவார். அதை நம்பித்தான் நான் இதைச் செய்தேன். அவர் கண்ணைத் திறந்து முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகு முதலாளி முகத்தைப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "அதிகமாத்தான் ஆயிருக்கு. கப்ளிங்தான்."

நான் மூடியைத் தூக்கினேன். "பெல்ட்டே இல்லண்ணே. சுத்தாத பொருள் எப்படிக் கத்தும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் முன்னால் போய் உதட்டை அகல விரித்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, "பெல்ட். இல்ல." என்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், அன்று மதியம்வரை சந்தோஷமாகவே இருந்தது.

"மாமா, இனிமே நீங்க வாட்டர் வாஷ் பாத்துக்கங்க" என்றார் முதலாளி. புரியாததால் தண்ணீர்க் குழாயைக் கைகாட்டி மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

மதியம் அண்ணி வந்தார். கணவர் ரப்பர் செருப்போடு நின்று காரைக் கழுவுவதைப் பார்த்தார். தம்பியிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"நீதானே?"

"எத்தனை நாளைக்கு அண்ணி மூடி வைக்க முடியும்?"

அவர் கொண்டுவந்த சாப்பாட்டுப் பையை என் மேடையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நான்தான் அதைக் கொண்டுபோய் அவர் கணவரிடம் கொடுக்க வேண்டியிருந்தது.

பத்தாம் நாள் பாகங்கள் வந்தன. சூப்பர்சார்ஜரின் மூக்கைக் கழற்றினேன். நான் சொன்ன பேரிங்கை விரலால் சுழற்றினேன், வெண்ணெயாகச் சுழன்றது. கப்ளிங்கை எடுத்துப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய துளைகள் எல்லாம் தேய்ந்து நீண்டு போயிருந்தன. காது செத்த மனிதர் வெறும் பல்லால் சரியாகச் சொல்லியிருக்கிறார், நான் இரண்டு காதையும் வைத்துக்கொண்டு தப்பாகச் சொல்லியிருக்கிறேன். நல்லவேளை, பேரிங் செட்டோடு புதுக் கப்ளிங்கும் வந்திருந்தது. இரண்டையும் மாற்றினேன். பழைய வட்டைக் கழிவுத் துணியில் சுற்றிக் குப்பை டிரம்மின் அடியில் போட்டேன். எஞ்சின் கிளம்பியது, கடகடப்பு இல்லை.

"பேரிங்தானே?" என்றார் முதலாளி.

"பேரிங்தான் முதலாளி."

அந்த மேடை அன்றே எனக்கு வந்தது.

கழுவுவதற்காகக் காரை நானே ஓட்டிப்போய் விட்டேன். முதலாளியும் கூட வந்தார். அங்கே கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டு என்னிடம் ஓடி வந்தார். தான் எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்று தெரியாமல் கத்தினார்.

"என்னடா இருந்துச்சு? கப்ளிங்தானே?"

முதலாளி என்னையே பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனிதர் பிழைத்துக்கொள்வார். நான் அன்றுதான் கிடைத்த மேடையை நினைத்தேன்.

"பேரிங்," என்றேன். அவர் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்று உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேண்ணே. பேரிங்தான்."

அவர் என் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஈர விரலால் தன் முன்பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"அப்ப பல்லும் போச்சு" என்றார்.

குழாயைத் திறந்துகொண்டு பின்சக்கரத்தைக் கழுவப் போனார்.